டேலி ஆனால் துக்கம்!

எங்கள் ஹவுஸ் ஓனர் அம்மாவுக்கு முழங்கால் வலி. இந்த வாரக் கட்டுரைக்கு ஆதாரம் அதுதான்.

2012-ல் திருச்சியில், சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு மாடி ரூமில் நானும் ஒரு நண்பனும் குடியிருந்தோம். நான் பி.காம். முடித்துவிட்டு ஓர் ஆடிட்டர் ஆபீஸில் அடுத்தவர் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஒரு கல்லூரியில் பௌதிகத்தில் பி.எச்டி. பண்ணிக்கொண்டிருந்தான். முடிப்பதற்கு முன்பே நாங்கள் எல்லோரும் அவனை 'டாக்டர்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். ஓனர் அம்மா அதை அப்படியே நம்பிவிட்டார்.

"டாக்டர் தம்பி, மாடிப்படி ஏறினா முட்டி கடகடங்குதுப்பா... என்ன போடலாம்?"

அவன் எத்தனையோ தடவை விளக்கிப் பார்த்தான். "நான் அந்த டாக்டர் இல்லம்மா, படிகம் வளக்கறவன்." அம்மாவுக்கு இன்னும் சந்தோஷமாகிவிட்டது. பனங்கல்கண்டு பற்றிக் கேட்க ஆரம்பித்துவிட்டார். போதாக்குறைக்கு ரூமில் எப்போதும் ஸ்பிரிட் வாசனை வேறு. பேச்சிலர்கள் ரூமில் அந்த வாசனை வந்தால் மற்ற ஓனர்கள் மூட்டை முடிச்சைத் தெருவில் வைத்திருப்பார்கள். இந்த அம்மாவோ, "ஆஸ்பத்திரி வாசனை" என்று பூரித்துப் போனார்.

வாசனைக்குக் காரணம் மெத்தனால். ரூமில் இருந்த ஒரே அலமாரியில், என் சட்டைகள் இருக்கவேண்டிய இடத்தில், ஒரு பீக்கர் இருந்தது. உள்ளே ஆரஞ்சும் மஞ்சளுமாய் ஒரு திரவம். மேலே பாலிதீன் காகிதம் கட்டி, குண்டூசியால் நாலைந்து ஓட்டை. அந்த ஓட்டை வழியாக மெத்தனால் மெதுவாக, ரொம்ப மெதுவாக ஆவியாகும். நடுவில் ஒரு நைலான் நூலில் கடுகளவு விதைப் படிகம் தொங்கும். திரவம் குறையக் குறைய அந்தக் கடுகு வளர்ந்து மிளகாகும்; மிளகு பட்டாணியாகும். பட்டாணியானால் பி.எச்டி.

இதையெல்லாம் லேபிலேயே செய்யவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். வெப்பநிலை மாறாமல் வைத்திருக்கும் தொட்டி லேபில் இருந்தது. அதற்குக் கரென்ட் வேண்டும். 2012-ல் சென்னைக்கு வெளியே வாழ்ந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்லவேண்டியதில்லை. ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும்; சில நாள் வந்ததை விடப் போனதுதான் அதிகம். தொட்டி சூடாகி ஆறி, சூடாகி ஆறி, உள்ளே இருந்த படிகங்கள் எல்லாம் தற்கொலை செய்துகொண்டன. அதனால் ஒரு பீக்கர் எங்கள் ரூமுக்குக் குடிவந்தது. வாடகை தராத மூன்றாவது ஆள்.

அவர் வந்த நாள் முதல் ரூமில் புதுச் சட்டதிட்டங்கள். மெத்தனால் சட்டென்று பற்றிக்கொள்ளும், ஆகவே கரென்ட் போனால் மெழுகுவர்த்தி ஏற்றக்கூடாது. கொசுவத்திச் சுருள் கூடாது. அலமாரிக் கதவைச் சாத்தக்கூடாது. பக்கத்தில் தும்மக்கூடாது. (கடைசியது நானாகச் சேர்த்துக்கொண்டது.)

"அப்படி என்னதாண்டா இருக்கு இதுல?" என்று ஒருநாள் இருட்டில் கொசு அடித்துக்கொண்டே கேட்டேன். கரென்ட் வர இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. அவன் சொல்ல ஆரம்பித்தான். அதற்கப்புறம் பல கரென்ட் கட்டுகளில் சொல்லி முடித்ததை உங்களுக்கு இங்கே என் பாஷையில் தருகிறேன். தப்பிருந்தால் பி.காம். காரணம்.

கோயில் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கர் கேட்டிருப்பீர்கள். சத்தத்தைக் குறைவாக வைத்தால் பாடுகிறவர் குரல் அப்படியே வரும். கொஞ்சம் கூட்டினால் அதே குரல் கொஞ்சம் பெரிதாக வரும். இதற்குப் பெயர் நேரியல். போட்டதற்குத் தக்க வரவு. ஆனால் விழாக் கமிட்டித் தலைவர் வந்து திருகை முழுசாகத் திருகிவிட்டால் என்ன ஆகிறது? பாடகர் பாடாத ஸ்வரமெல்லாம் வருகிறது. 'கர்ர்ர்' என்று ஒரு கீச்சுக்குரல். அந்தக் கீச்சு பாடகருடையது அல்ல, மைக்குடையதும் அல்ல. திணறிப்போன ஸ்பீக்கர் தானாகப் போட்டுக்கொடுத்த உபரி ஸ்வரம். ஒரு அதிர்வெண் உள்ளே போனால் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு எல்லாம் சேர்ந்து வெளியே வருகிறது.

ஒளிக்கும் இதே கதைதான். ஒளி என்பது மின்புலத்தின் ஆட்டம். அது ஒரு பொருளுக்குள் நுழைந்தால் அங்கே உள்ள எலெக்ட்ரான்களையும் பிடித்து ஆட்டும். ஆடுகிற எலெக்ட்ரான் அதே நிறத்தில் ஒளியைத் திருப்பித் தரும். சிவப்புக் கண்ணாடி வழியாகச் சூரியனைப் பார்த்தால் சிவப்புதான் தெரியும், ஊதா தெரியாது. காரணம், சூரிய வெளிச்சம் எலெக்ட்ரானுக்கு ஒரு பொருட்டே இல்லை. வால்யூம் குறைவாக வைத்த ஸ்பீக்கர் அது. எலெக்ட்ரான் திணறவேண்டுமானால் கமிட்டித் தலைவர் வரவேண்டும்.

வந்தார். 1960, மே 16-ஆம் தேதி. கலிஃபோர்னியாவில் தியோடர் மைமன் என்பவர் ஒரு மாணிக்கக் கல் உருளையை வைத்து உலகின் முதல் லேசரை எரியவிட்டார். அந்த ஆராய்ச்சியை எழுதி அமெரிக்காவின் பெரிய பௌதிகப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினார். 'பிசிகல் ரிவ்யூ லெட்டர்ஸ்' என்று பெயர். வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்! பிறகு இங்கிலாந்தின் 'நேச்சர்' வெளியிட்டது. (பிரசுரமாகாத கதைகளை மேஜையில் பூட்டி வைத்திருக்கும் வாசகர்கள் இந்த வரியைக் கத்தரித்து மேலே ஒட்டிக்கொள்ளலாம்.)

அதே பத்திரிகை அடுத்த வருஷம் இன்னொரு காரியம் செய்தது. மிஷிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃப்ராங்கனும் அவர் கூட்டாளிகளும் மாணிக்க லேசரின் சிவப்பு ஒளியை ஒரு குவார்ட்ஸ் படிகத்துக்குள் குவித்து அனுப்பினார்கள். போனது 694.3 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு. வந்தது பெரும்பாலும் அதே சிவப்பு. ஆனால் அதோடு கூடவே, சரியாகப் பாதி அலைநீளத்தில், கண்ணுக்குத் தெரியாத புற ஊதா கொஞ்சம். கொஞ்சம் என்றால் ஏறக்குறைய பத்துக் கோடிக்கு ஒன்று. இரண்டு சிவப்பு ஒளித்துகள்கள் சேர்ந்து ஒரு புற ஊதாத் துகளாக மாறியிருக்கின்றன. ஃபிலிம் தட்டில் அது ஒரு சின்னப் புள்ளியாகப் பதிந்தது. ஓர் அம்புக்குறி போட்டு, 'இதோ பாருங்கள்' என்று படத்தோடு அனுப்பினார்கள்.

1961 ஆகஸ்ட் இதழில் வந்தது. அம்புக்குறி இருந்தது. புள்ளியைக் காணோம்! ஏதோ அழுக்கு ஒட்டியிருக்கிறது என்று நினைத்து, அச்சுக்குப் போகும் வழியில் ஒரு புண்ணியவான் சுத்தமாகத் துடைத்துவிட்டார் என்பது அன்றிலிருந்து சொல்லப்படும் கதை. ஒரு விஞ்ஞானத் துறையே அந்தப் புள்ளியில் பிறந்தது. இன்றைக்கும் அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தால் அம்பு மட்டும் வெறும் இடத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

"இப்ப உன் பீக்கருக்கு வா" என்றேன்.

"வரேன் இரு. உனக்குக் கடன் குடுத்து அனுபவம் இருக்கா?"

என்னிடம் கேட்கிற கேள்வியா அது?

விஷயம் இதுதான். ஸ்பீக்கர் திணறினால் மட்டும் இரண்டு மடங்கு அதிர்வெண் வந்துவிடாது. எலெக்ட்ரான் இடது பக்கம் ஆடுவதும் வலது பக்கம் ஆடுவதும் வேறு வேறு மாதிரி இருக்கவேண்டும். ஒரு பக்கம் தாராளம், மறுபக்கம் கஞ்சத்தனம். அந்த ஓரவஞ்சனையில்தான் இரட்டை அதிர்வெண் பிறக்கிறது. குவார்ட்ஸ் போன்ற கற்களில் அது கொஞ்சம் உண்டு. ஆனால் கரிமச் சேர்மங்களில் இந்த ஓரவஞ்சனையை நாமே தையல்காரரிடம் அளவு கொடுப்பதுபோல் சொல்லித் தைத்துக்கொள்ளலாம்.

ஒரு பென்சீன் வளையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் அமினோ என்கிற ஒரு குழு. இவர் கர்ண பரம்பரை. எலெக்ட்ரானை வாரி வழங்குவார். எதிர் முனையில் நைட்ரோ என்கிற குழு. இவர் வாங்கும் கை. நடுவில் வளையம், பாலம் மாதிரி. இந்த மூவர் கூட்டணிக்குப் பாரா நைட்ரோ அனிலின் என்று பெயர். ஒளியின் மின்புலம் கர்ணனிடமிருந்து கடன்காரனை நோக்கித் தள்ளினால் எலெக்ட்ரான் சல்லென்று பாய்கிறது. திரும்பித் தள்ளினால்? நான் போன தீபாவளிக்குக் கைமாற்றுக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்ட கதைதான். 'இதோ, அடுத்த வாரம்' என்று நகராது. போவது சுலபம், வருவது கஷ்டம். இதற்கு சார்ஜ் டிரான்ஸ்ஃபர் என்று கௌரவமான பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் துறையில் இதை வாராக்கடன் என்போம்.

இந்த வகை மூலக்கூறுகள் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று கலர் கலராக இருப்பதும் இந்தக் கைமாற்று வேலையால்தான். அதிலேயே ஒரு சங்கடமும் உண்டு. கொடுக்கல் வாங்கல் அதிகமானால் நிறம் ஆழமாகும். நிறம் ஆழமானால், தான் உண்டாக்கிய பச்சை ஒளியைத் தானே விழுங்கிவிடும். சமைத்ததை எல்லாம் ருசி பார்த்தே தீர்த்துவிடும் சமையல்காரர் மாதிரி. ஆகவே கர்ணன் ரொம்பக் கர்ணனாகவும் இருக்கக்கூடாது.

"சரி, பாரா நைட்ரோ அனிலினே இருக்கே, அதையே வளத்து டிகிரி வாங்கிக்கோயேன்" என்றேன்.

அங்கேதான் விதி சிரித்தது. தனி மூலக்கூறாகப் பார்த்தால் அது பயில்வான். படிகமாக வளர்த்தால் பூஜ்யம். ஏன்? ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு முனை பிளஸ், ஒரு முனை மைனஸ். இரண்டு காந்தத் துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். தலைமாடு கால்மாடாகத் திரும்பிப் படுத்துக்கொள்ளும். ரூமில் ஒரே பாயில் படுத்த நாங்களும் அப்படித்தான். (அவன் உதைப்பான்.) படிகத்திலும் மூலக்கூறுகள் அதே மாதிரி ஜோடி ஜோடியாகத் தலைமாற்றிப் படுக்கின்றன. ஒன்று இடது பக்கம் காட்டும் ஓரவஞ்சனையை மற்றது வலது பக்கம் காட்டிச் சரிக்கட்டிவிடுகிறது. மொத்தம் சைபர்.

இதை உடைக்கத்தான் உலகம் பூராவும் பாடுபட்டார்கள். 1979-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் அதே மூலக்கூறின் விலாவில் ஒரு மெத்தில் குழுவைச் சேர்த்துப் பார்த்தார்கள். பஸ்ஸில் ஒருவர் முழங்கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பக்கத்து ஆள் ஒழுங்காக உட்கார முடியாதே, அந்த மாதிரி. ஜோடி கலைந்தது, படிகம் அபாரமாக வேலை செய்தது. 1989-ல் செத் மார்டர், ஜோசப் பெர்ரி கோஷ்டி இன்னொரு யுக்தி செய்தார்கள். மூலக்கூறையே உப்பாக மாற்றி, பிளஸ் மூலக்கூறுகளுக்கு நடுவில் மைனஸ் ஆசாமிகளை உட்காரவைத்தார்கள். கல்யாணப் பந்தியில் கேலி பேசும் பையன்களுக்கு நடுவில் ஒரு பெரியப்பாவை உட்காரவைப்பது போல. வரிசை ஒரே பக்கம் பார்த்து அமைந்தது. 'டாஸ்ட்' என்று செல்லப் பெயர் கொண்ட அந்தப் படிகத்தின் பொடி, யூரியாவைப்போல் சுமார் 1,000 மடங்கு பலமாக ஒளியை இரட்டித்தது. துணி, அட்டைப்பெட்டி வழியாக ஊடுருவிப் பார்க்கும் டெராஹெர்ட்ஸ் அலைகளை உண்டாக்க இன்றைக்கும் பயன்படுகிறது.

யூரியா என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தவர்களுக்கு: அதே உரமூட்டை யூரியாதான். இந்தத் துறையில் அதுதான் படிக்கல். இதைவிட எத்தனை மடங்கு என்றுதான் கணக்குச் சொல்வார்கள். இன்னொரு படிக்கல் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட், அதுவும் உரம்தான். அமெரிக்காவில் 192 லேசர் கற்றைகளைக் குவித்து அணுக்கரு இணைவு நடத்திக் காட்டினார்களே, 2022 டிசம்பரில்? அங்கே அகச்சிவப்பைப் புற ஊதாவாக மாற்றுவது அந்தப் பாஸ்பேட்டின் ராட்சசப் படிகங்கள்தான். ஒளி விஞ்ஞானத்துக்கும் உரக்கடைக்கும் ஏதோ பூர்வ ஜன்ம பந்தம்.

நம் ஊரிலும் இது சின்ன விஷயமில்லை. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் படிக வளர்ச்சிக்கென்றே தனி மையம் இருக்கிறது. கண்ணாடிக் குழாயின் அடியில் விதைப் படிகத்தை வைத்து ஒரே திசையில் மேல் நோக்கி வளர்க்கும் உத்திக்கு 'சங்கரநாராயணன்-ராமசாமி முறை' என்றே சர்வதேச ஜெர்னல்களில் பெயர், 2005-ல் வந்தது. கோடிக்கணக்கில் மெஷின் வேண்டாம், ஒரு பீக்கரும் பொறுமையும் போதும் என்பதால் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எத்தனையோ பேர் இதில் இறங்கினார்கள். கூடவே கொஞ்சம் வேடிக்கையும் நடந்தது. 'புதிய படிகம் கண்டுபிடித்தோம்' என்று அச்சில் வந்த சிலவற்றை வெளிநாட்டில் மறுபடி சோதித்துப் பார்த்தால், இரண்டு சரக்கைப் போட்டுக் கரைத்ததில் ஒரு சரக்கு மட்டும் பழையபடி படிகமாகித் திரும்பி வந்திருக்கிறது! சாம்பாரில் போட்ட முருங்கைக்காயைத் திருப்பி எடுத்து 'புதுக் காய்' என்று சொன்ன கதை. நண்பனுக்கு இந்த பயம் எப்போதும் இருந்தது. தூக்கத்தில்கூட உருகுநிலையைப் புலம்புவான்.

இனி என் பாவ மன்னிப்புப் படலம்.

முப்பத்தெட்டாவது நாள். படிகம் நாலு மில்லிமீட்டர் ஆகியிருந்தது. டார்ச் அடித்தால் தீப்பொறி மாதிரி ஜொலிக்கும். அவன் தங்கை நிச்சயதார்த்தத்துக்காக ஊருக்குப் போனான். போகும்போது, "மச்சான், நீ ஒண்ணும் செய்யவேணாம். ஒண்ணுமே செய்யாம இருந்தா போதும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

அன்று ராத்திரி பத்து மணிக்குக் கரென்ட் போனது. கொசு என்றால் கொசு. பன்னிரண்டு வரை தாங்கினேன். பிறகு மனிதன் பலவீனமானவன். ஒளித்து வைத்திருந்த கொசுவத்தியை எடுத்தேன். சட்டம் ஞாபகம் வந்தது. பொறுப்புள்ள பிரஜையாக, ஆபத்து வேண்டாம் என்று பீக்கரை அலமாரியிலிருந்து அலுங்காமல் எடுத்து அறையின் மறுகோடியில் இருந்த மேஜையில் வைத்தேன். கொசுவத்தியை ஜன்னலில் ஏற்றினேன். தூங்கிவிட்டேன்.

மேஜைக்கு நேரே டேபிள் ஃபேன். ஸ்விட்ச் போட்டபடி இருந்தது. இரண்டு மணிக்குக் கரென்ட் வந்தது.

காலையில் பார்த்தேன். பாலிதீன் ஒரு பக்கம் கிழிந்து படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. திரவம் பாதியாகியிருந்தது. நாற்பது நாளில் போகவேண்டியது நாலு மணி நேரத்தில் போயிருக்கிறது. அடியில் ரவையைக் கொட்டியதுபோல் நூற்றுக்கணக்கில் பொடிப் படிகங்கள். நூலில் தொங்கிய நாயகன் மேலேயும் அப்பிக்கொண்டு, பார்ப்பதற்குக் கல்கண்டுப் பாகில் விழுந்த பூச்சி மாதிரி இருந்தது.

அவன் திங்கட்கிழமை வந்தான். பார்த்தான். திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பேக்கைக்கூட இறக்கி வைக்காமல் ஒரு நிமிஷம் நின்றான். அந்த மாசத்தோடு அவனுக்கு ஸ்டைபெண்டு முடிகிறது. தங்கை கல்யாணத்துக்கு அப்பா வட்டிக்கு வாங்கியிருக்கிறார். ஒரு தனியார் பள்ளியில் வாத்தியார் வேலை இருக்கிறது, வந்துவிடு என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும். அன்றைக்கு அவன் சொன்னது ஒன்றுதான்.

"பரவால்லடா. மொத டெஸ்ட்டுக்குப் பொடிதான் வேணும்."

நிஜம்தான். 1968-ல் கர்ட்ஸ், பெர்ரி என்று இருவர் கண்டுபிடித்த சோதனை. (இந்தப் பெர்ரி வேறு, டாஸ்ட் பெர்ரி வேறு.) பெரிய படிகம் வேண்டாம். பொடித்துக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, 1,064 நானோமீட்டர் லேசரை அடிப்பார்கள். அது அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. பொடி வேலை செய்தால் 532-ல் பச்சை ஒளி மின்னும். தெருவில் விற்கிற பச்சை லேசர் பேனா பலவற்றில் இதே வித்தைதான். உள்ளே பிறப்பது அகச்சிவப்பு. ஒரு துண்டுப் படிகம்தான் அதைப் பச்சையாக்குகிறது. மட்டமான சரக்கில் வடிகட்டி வைக்காமல் விட்டுவிடுவார்கள். பச்சையோடு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் சேர்ந்து வரும். குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள் ஸார், அவ்வளவுதான் சொல்வேன்.

என் கைவண்ணத்தில் உருவான ரவையை ஒரு ஹோமியோபதிப் புட்டியில் அடைத்து பெங்களூருக்கு அனுப்பினான். மூன்று வாரம் கழித்து ஒரு சாயந்திரம் போன் வந்தது. மொட்டை மாடியில் நின்று பேசினான். பேசினான் என்ன பேசினான், 'சரி ஸார்' என்று நாலு தடவை சொன்னான்.

"என்னடா?"

"இருட்டு."

பச்சை வரவில்லை. துளிக்கூட இல்லை.

பிறகு எக்ஸ்ரே சோதனையில் காரணம் தெரிந்தது. அவனுடைய மூலக்கூறுகளும் தலைமாடு கால்மாடாக ஜோடி சேர்ந்து படுத்திருக்கின்றன. என் பழைய லெட்ஜர் தாளின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினான். இடது பக்கம் பார்த்து ஓர் அம்பு, அதற்குக் கீழே வலது பக்கம் பார்த்து ஓர் அம்பு. மறுபடி இடது, மறுபடி வலது. பக்கம் முழுக்க.

நான் பி.காம். இல்லையா? எனக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. "டேய், இது டிரையல் பாலன்ஸ்டா! ஒவ்வொரு டெபிட்டுக்கும் ஒரு கிரெடிட். பைசா வித்தியாசமில்லாம டேலி ஆகுது. சூப்பர்!"

சொல்லி முடித்ததும்தான் அவன் முகத்தைப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, டேலி ஆனதற்காக ஒருவன் கண்ணில் தண்ணீர் நிற்பதைப் பார்த்தேன்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு கணக்கில் பார்த்தால் நான் தப்பித்தேன். அந்த நாலு மில்லிமீட்டர் படிகம் நாலு அங்குலமாக வளர்ந்திருந்தாலும் பச்சை வந்திருக்காது. நான் கெடுத்தது கெடவேண்டிய ஒன்றைத்தான். ஆனால் அந்த வாதத்தை அவனிடம் சொல்கிற தைரியம் இன்று வரை வரவில்லை. இதைப் படித்தால்தான் உண்டு.

பள்ளிக்கூட வேலைக்கு விண்ணப்பம் எழுதினான். போஸ்ட் பண்ணவில்லை. காரணம், அவனுடைய கைடு. ஓய்வு பெறப் போகிற மனிதர், அதிகம் பேசமாட்டார். படத்தைப் பார்த்துவிட்டு, "இரண்டாம் படி போனா என்ன, மூன்றாம் படி இருக்கே" என்றாராம்.

இரண்டு மடங்கு ஒளிக்குத்தான் ஓரவஞ்சனை வேண்டும். மூன்றாம் படி விளைவுகளுக்குச் சமச்சீர் ஒரு தடையே இல்லை. ஜோடியாகப் படுத்தாலும் சரி, தனியாகப் படுத்தாலும் சரி. லேசர் கடுமையாக விழும்போது பொருளின் ஒளிவிலகல் எண்ணே கொஞ்சம் மாறும். தட்டையான துண்டு தானாகவே ஒரு லென்ஸ் மாதிரி நடந்துகொள்ளும். சிலது, வெளிச்சம் கூடக் கூட அதிகமாக விழுங்கும். இரண்டு ஒளித்துகளை ஒரே நேரத்தில் விழுங்குகிற இந்த வித்தையை மரியா கெப்பர்ட் என்ற இளம்பெண் ஜெர்மனியில் தன் டாக்டர் பட்ட ஆய்வாகவே எழுதி, 1931-ல் வெளியிட்டார். கண்ணால் பார்க்க லேசர் வரவேண்டியிருந்தது, 1961-ல்தான் நிரூபித்தார்கள். முப்பது வருஷம்! அதற்குள் அவர் வேறு துறைக்குப் போய், 1963-ல் அணுக்கருவுக்காக நோபல் பரிசே வாங்கிவிட்டார். இந்தக் கதையை நண்பன் சொல்லும்போது குரலில் ஒரு தெம்பு வந்ததைக் கவனித்தேன்.

பயன் என்ன என்றால்: சாதாரண வெளிச்சத்தை விட்டுவிட்டு, லேசர் மாதிரி வெறியோடு வருவதை மட்டும் தடுக்கும் வடிகட்டி செய்யலாம். கண்ணுக்கும் கருவிகளுக்கும் பாதுகாப்பு. அளப்பதற்கு இஸட்-ஸ்கேன் என்று ஒரு முறை, 1989-ல் அமெரிக்காவில் வந்தது. லென்ஸால் குவித்த லேசர் பாதையில் துண்டை முன்னும் பின்னும் நகர்த்தி, ஒரு சின்னத் துளை வழியே எவ்வளவு ஒளி வருகிறது என்று பார்க்கவேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் அவன் கைடு பொடியில் வேண்டாம், தெளிவான ஒரு துண்டில்தான் செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டார். மறுபடி பீக்கர். மறுபடி பாலிதீன். மறுபடி கடுகு.

இந்தத் தடவை காவல் நான். சம்பளத்தில் ஒரு கொசுவலை வாங்கினேன். டேபிள் ஃபேனை ஓனர் அம்மாவிடம் கொடுத்து, "உங்க முட்டிக்குக் காத்து நல்லதும்மா" என்று ஒரு பொய் சொன்னேன். அறுபத்தொரு நாள், ஸார். ஆபீஸ் விட்டு வந்ததும் முதலில் பீக்கர், பிறகுதான் காபி. கடுகு மிளகாகி, மிளகு பட்டாணிக்குப் பக்கத்தில் வந்தது. எடுத்த அன்று அவன் என்னிடம்தான் நீட்டினான். தொடுவதற்குப் பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அளந்து வந்த வரைபடத்தில் முதலில் ஒரு மேடு, பிறகு ஒரு பள்ளம். பங்குச் சந்தைக்காரனுக்குக் காட்டினால் வயிற்றைப் பிசைந்திருக்கும். அவனுக்கோ அதுதான் சந்தோஷம். மேடு முந்தி வந்தால் அந்தப் பொருள் லேசரை விரித்துக் கலைக்கிறது என்று அர்த்தமாம். என்ன அர்த்தமோ, அன்று இரவு தலைக்கு இரண்டு பரோட்டா அதிகம்.

2014-ல் வைவா நடந்தது. நான் அரை நாள் லீவ் போட்டுவிட்டுப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். வெளியூரிலிருந்து வந்த பரிட்சகர், "இரண்டாம் படி விளைவு ஏன் இல்லை?" என்று முதல் கேள்வியிலேயே அங்கே கை வைத்தார். நண்பன் ஒரு விநாடி யோசித்தான். பிறகு போர்டில் இடது பக்கம் ஓர் அம்பு, வலது பக்கம் ஓர் அம்பு போட்டு, "டெபிட், கிரெடிட் டேலி ஆகிவிடுகிறது ஸார்" என்றான். ஹாலில் எல்லோரும் சிரித்தார்கள். பரிட்சகரும் சிரித்துவிட்டுக் குறித்துக்கொண்டார்.

ரூமுக்கு வந்ததும் ஓனர் அம்மாவிடம் இனிப்புப் பெட்டியை நீட்டினேன். "அம்மா, இன்னிக்குத்தான் இவன் நிஜமாவே டாக்டர் ஆனான்."

அம்மா ஒரு மைசூர்பாகை எடுத்தபடி அவனை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் லேசாகக் கவலை.

"அப்ப இனிமே ஃபீஸ் வாங்குவியா தம்பி?"